மூன்றாவது தாள்

"உங்க அண்ணன் பொண்ணை மட்டும் நாக்குல தேனைத் தடவி வளர்த்தாங்களா?"

கணவர் சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் இவள் ஆரம்பித்துவிட்டாள். மாடி வீட்டில் ஓரகத்தியின் மகள் பேச்சுப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் குரல் படி வழியே இறங்கி வந்துகொண்டிருந்தது. இரண்டு வருடமாக அவளுக்குத்தான் முதல் பரிசு. மீட்டர் பார்க்க வருகிறவர் கண்ணிலும் பட வேண்டும் என்று ஓரகத்தி இரண்டு கோப்பைகளையும் வாசலுக்கு நேராக வைத்திருந்தாள்.

"நம்ம பொண்ணும் ஒரு நாள் பேசுவா, விடு" என்றார் கணவர்.

எங்கே பேசுவது? மைக்கைப் பார்த்தாலே அவர்கள் மகளுக்கு வியர்த்துக் கொட்டிவிடும். போட்டிக்குப் பெயரே கொடுக்கவில்லை. அது போதாதென்று, பள்ளி விட்டதும் மாடிக்கு ஓடி அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். கைதட்ட ஆள் வேண்டுமே என்று இவளுக்கு வயிறு எரியும்.

போட்டியின் முறை கொஞ்சம் கடுமையானது. வெள்ளிக்கிழமை மூன்று வாசிப்புப் பகுதிகள் தருவார்கள். அவற்றிலிருந்தே ஆதாரம் எடுத்து, கேட்பவர் மனம் மாறும்படி உரை எழுதி, திங்களன்று பேச வேண்டும். பள்ளியை ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்க வேண்டும் என்பது இந்த முறை தலைப்பு. பிள்ளைகளின் தூக்கம் பற்றி டாக்டர் எழுதியதும், காலை நெரிசல் பற்றிப் பேருந்து ஓட்டுநர் சொன்னதும் முதல் இரண்டு தாள்களில் இருந்தன. மூன்றாவது பகுதி மூன்றாவது தாளில்.

வெள்ளி மாலை அந்தப் பெண் தாள்களைக் கொண்டுவந்து இவர்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, "சித்தி, தங்கச்சி எங்க?" என்று உள்ளே போனாள். பீற்றிக்கொள்ள வந்துவிட்டாள் என்று இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நிமிடம் மூன்றாவது தாள் அரிசி டின்னுக்கு அடியில் இருந்தது. தன் பெண்தான் ஜெயிக்கப்போவதில்லை, அந்தப் பெண்ணாவது தோற்கட்டும்.

சனி, ஞாயிறு முழுக்க இரண்டு பெண்களும் மாடியையும் கீழ்வீட்டையும் புரட்டிப்போட்டார்கள். போட்டியில் இருக்கும் மற்ற பிள்ளைகள் யாரும் தங்கள் தாளைக் காட்டத் தயாராக இல்லை. காற்றில் பறந்திருக்கும் என்று இவள் வெங்காயம் உரித்தபடியே சொன்னாள்.

திங்களன்று அந்தப் பெண் என்னவோ மணி மணியாகத்தான் பேசினாள். ஆனால் கடைசியில் நடுவர், விடியற்காலையில் வேலைக்குப் போகிற பெற்றோர் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று மூன்றாவது பகுதியில் கேட்டிருக்கிறதே, அதற்கு என்ன பதில் என்றார். அவள் திருதிருவென்று விழித்தாள். கோப்பை வேறு யாருக்கோ போனது. இவள் வருத்தத்தை முகத்தில் வரவழைத்துக்கொண்டு ஓரகத்தியின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னாள். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

வீட்டுக்கு வந்தால், மகள் கட்டிலில் குப்புறப் படுத்துத் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"அவ தோத்ததுக்கு நீ ஏன்டி அழறே?"

மகள் எழுந்து உட்கார்ந்தாள். "மூணு வருஷமா அக்காவுக்கு எழுதிக் குடுக்கறதே நான்தாம்மா. இந்தத் தடவை ஜெயிச்சா, எழுதினது என் தங்கச்சின்னு எல்லார் முன்னாடியும் சொல்லி, கோப்பையை என் கையில குடுக்கறேன்னு சொல்லியிருந்தா."