தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு

"ஹக்கீம் சார்தான? தொண்ணூத்தேழு புள்ளி ரெண்டு ஹக்கீம் சார்?"

"தங்கத்தாய் வீடு இதானாம்மா?" என்று வாசலில் நின்று கேட்ட ஒரே கேள்வியில் அந்தப் பெண் ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். அத்தனை அலுப்பிலும் அப்துல் ஹக்கீமுக்கு மனசு குளிர்ந்தது. உள்ளூர் ரேடியோ ஸ்டேஷனை இழுத்து மூடி ஆறு வருஷம் ஆகிறது. அவருடைய முகம் அன்றைக்கும் யாருக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. குரலையாவது ஒரு வீட்டில் ஞாபகம் வைத்திருக்கிறார்களே!

"நானேதான்மா. தொண்டைதான் கொஞ்சம் கம்மிப்போச்சு."

"வேகாத வெயில்ல வந்திருக்கீக. உள்ள வாங்க, மொதல்ல தண்ணி குடிங்க."

விருதுநகரில் பஸ் ஏறி, சிவகாசியில் மாறி, எம். புதுப்பட்டியில் இறங்கி நடந்ததில் முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. காலையிலிருந்து இது மூன்றாவது வீடு. முதல் வீட்டில், "ரேடியோவா? அதைக் கேக்குற மனுசன் போய் நாலு வருசமாச்சு" என்றார்கள். இரண்டாவது வீட்டில் பூட்டுத் தொங்கியது. செம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டுத்தான் அவருக்குப் பேச்சு வந்தது.

"அந்த நம்பரை இன்னுமா ஞாபகம் வச்சிருக்கீக?"

"மறக்குமா சார்? எங்க ரேடியோவுல முள்ளு இன்னும் அங்கனதான் நிக்குது. வெறும் இரைச்சல்தான். இருந்தாலும் நான் மாத்தல."

நாற்பதைத் தாண்டிய பெண். பேசிக்கொண்டே, விட்ட இடத்தில் உட்கார்ந்து பட்டாசுக்கான காகிதக் குழாய் உருட்டத் தொடங்கினாள்.

"தங்கத்தாயி, வந்த விஷயத்தைச் சொல்லிருதேன்" என்று ஆரம்பித்தார் ஹக்கீம்.

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் உருட்டினாள்.

"செல்போன்ல கேக்குற மாதிரி புதுசா ஒரு ரேடியோ ஆரம்பிச்சிருக்காக. அதுல எனக்கு வேலை. வர்ற ஞாயித்துக்கிழமை பழைய நேயர்களைக் கூட்டியாந்து பேசவைக்கணும். ஆள் வரலைன்னா நிகழ்ச்சியும் இல்ல, எனக்கு வேலையும் இல்லைன்னு முதலாளி சொல்லிட்டாரு. அம்பத்தெட்டு வயசுல நான் வேற எங்கன போய் நிக்கிறது?"

"அதுக்கா எங்க வீட்டைத் தேடி வந்தீக?"

"பின்ன? பதினோரு வருசம்! நேயர் விருப்பத்துக்கு வாரம் தவறாம உங்க கார்டு வரும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எம். புதுப்பட்டியிலிருந்து கற்பகம், முத்துமாரி, நசிமா, தங்கத்தாய்!"

கடைசிப் பெயரைப் பழைய பாணியிலேயே இழுத்து முடித்தார். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்கா சொல்லுங்க சார்."

சொன்னார். தன் பேரைக் கேட்கிற ஆசை இந்த அம்மாவுக்கு இன்னும் தீரவில்லை என்று உள்ளுக்குள் சிரிப்பாகவும் இருந்தது.

"என்ன பாட்டு வேணும்னு ஒரு தடவைகூட நீங்க எழுதுனதில்ல. 'எந்தப் பாட்டுன்னாலும் சரி, பேரை மட்டும் விடாம வாசிங்க'ன்னுதான் இருக்கும். மைக்குல நான் எம்புட்டோ கேலி பண்ணியிருக்கேன்."

"பண்ணுனீக. கேட்டேன். அப்பவும் பேரைச் சொல்லித்தான பண்ணுனீக? பரவாயில்ல."

"நாலு பேரும் ஒரே தெருவா?"

"ஒரே ரூமு. பட்டாசுக் கம்பெனியில ஒரு ரூமுக்கு நாலு பேருதான் சார். சட்டம் அது."

"அப்பச் சோலி லேசாப் போச்சு. ஞாயித்துக்கிழமை காலையில நானே ஒரு வேன் பிடிச்சு வாரேன். நாலு பேரும் ஏறிக்கிட்டா..."

"வேன் வேண்டாம் சார்" என்றாள் வெடுக்கென்று.

ஹக்கீமுக்குச் சுருக்கென்றது. நாலு பேருக்குள் ஏதோ மனஸ்தாபம் போலிருக்கிறது. வருஷக் கணக்கில் ஒரே ரூமில் முட்டிக்கு முட்டி உட்கார்ந்து வேலை பார்த்தால் வராமலா இருக்கும்?

"ஏதும் சண்டையா? அவுக எங்கன இருக்காகன்னு மட்டும் சொல்லுங்க. நான் போய்ப் பேசுதேன்."

"அவுக வரமாட்டாக சார். நீங்க ஒண்ணு செய்வீகளா? அந்தப் புது ரேடியோவுல ஒரே ஒரு தடவை பேரை மட்டும் வாசிச்சிருங்க. ஆறு வருசமா யார் வாயிலயும் அந்தப் பேரைக் கேக்கல."

"ஆள் இல்லாம வெறும் பேரை வாசிச்சா முதலாளி என்னைய வச்சிருப்பாரா?" அவருக்கு அழுகை வராத குறைதான். "கெஞ்சிக் கேக்கேன் தாயி. நீங்க மட்டுமாவது வாங்க."

அவள் உருட்டிய குழாயைக் கீழே வைத்தாள்.

"அந்த ரூமு வெடிச்சுப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள்தான் சார், உங்களுக்கு நான் மொத கார்டு எழுதுனேன். உள்ள இருந்த நாலு பேர்ல ஒருத்தரும் வெளிய வரல. பேப்பர்ல 'நான்கு பெண்கள் பலி'ன்னு போட்டாக. பேரே போடல."

அந்தப் பெயர்களை ஹக்கீம் பதினோரு வருஷம் சிரித்துச் சிரித்து வாசித்திருக்கிறார்!

"நாலு பேருமா?" என்றார், குழறலாக. "அப்ப... நீங்க எப்படித் தப்பிச்சீக தங்கத்தாயி?"

"நான் தங்கத்தாய் இல்ல சார். தங்கத்தாய் எங்க அக்கா. அதுவரைக்கும் அவ பட்டாசு வேலைக்கே போனதில்ல. அன்னைக்கு நான் காய்ச்சல்ல படுத்துக் கிடந்தேன். ரூமுக்கு ஒரு ஆள் குறையுதுன்னு கம்பெனி வேன் வாசல்ல வந்து நின்னப்ப, எனக்குப் பதிலா ஏறிப் போனவ."