கண்ணாடி அலுமாரிக் கவுன்

அப்புத்தளைத் துணிக்கடைக்குள் பவுலினாவோடு பனியும் நுழைகிறது. கோயிலில் மகள் வாங்கப்போகும் முதல் நன்மைக்கு வெள்ளைக் கவுன் கேட்கும் அவளின் விரல்களில் தேயிலைக் கொழுந்துக் கறையைப் பார்த்ததும், முதலாளி கழுத்து பழுப்பேறிய ஒன்றை மேசையில் வீசுகிறார். “தோட்டத்து ஆளுகளுக்கு இது போதும்.” அவளுக்குச் சுருக்கென்கிறது. “அந்தக் கண்ணாடி அலுமாரியில உள்ளத எடுங்க.” “அது வெல கூட.” “நான் வெல கேட்டேனா?” அலுமாரிக் கவுனின் முத்துகள் டியூப்லைட்டில் மினுங்குகின்றன. நத்தார்ப் பண்டிகைக்கென்று சேர்த்த காசெல்லாம் கைமாறுகிறது. பையை நெஞ்சோடு அணைத்து, தலையை நிமிர்த்தியபடி அவள் வாசற்படிக்கு வருகிறாள். பின்னால், வெறுமையான அலுமாரியில் முதலாளி அதே மாதிரி முத்துக் கவுனொன்றைத் தொங்கவிடுகிறார். அடுத்து நிற்கும் கொழுந்துக்காரியின் விரல்களைப் பார்க்கிறார். பழுப்புக் கவுன் மறுபடியும் மேசையில் விழுகிறது. “தோட்டத்து ஆளுகளுக்கு இது போதும்.”