மாவட்டத்துக்குள் வாங்கக் கூடாது

“விதி முப்பத்தொன்பது, உட்பிரிவு ஈ. கண் பாதுகாப்புப் பொருளை மாவட்டத்துக்குள்ள வாங்கக் கூடாது” என்றார் மாடசாமி, கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

எதிரே திம்மராயன் வெல்டிங் முகமூடியும் கையுமாக நின்றார். ஓசூரில் கடை, எல்லையோரம் குடோன் வைத்திருப்பவர்.

“என்ன சார் விதி இது? ஊரெல்லாம் ஃபேக்டரி. லாரி லாரியா இங்கிருந்துதான் சாமான் வெளியூருக்குப் போவுது. நீங்க கோயமுத்தூர்ல இருந்து வாங்குவீங்களா?”

“போட்டவங்களைக் கேளுங்க. நான் ஸ்டோர்க்காரன்.”

“அஞ்சு கிலோமீட்டர் தள்ளி கர்நாடகாவுல குடோன் வச்சிருந்தா வாங்கியிருப்பீங்களா?”

“அதுக்கு உட்பிரிவு உ இருக்கு.”

திம்மராயன் தலையில் அடித்துக்கொண்டு வெளியேறினார். இது நாலாவது தடவை.

அந்த அரசு தொழிற்பயிற்சி நிலையத்தின் முதல்வர் ரஞ்சிதா, தன் அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மாற்றலாகி வந்து எட்டு மாதம்தான். வெல்டிங் பிரிவில் நாற்பது பேர் படிக்கிறார்கள். முகமூடி பன்னிரண்டு. மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். கோயமுத்தூர் சரக்கு வர இன்னும் ஒரு மாதமாகும்.

“சார், உங்களை மாதிரி ஆளுங்களாலதான் கவர்ன்மெண்டுக்கே கெட்ட பேரு” என்றார் மாடசாமியைக் கூப்பிட்டு.

“ஆமா மேடம்.”

“உங்களுக்கு ஆபீஸ்ல என்ன பேரு வச்சிருக்காங்க தெரியுமா? உட்பிரிவு சார்!”

“தெரியும் மேடம்.”

எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்கிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

அடுத்த வாரம் சென்னையிலிருந்து, புது வழிகாட்டி ஒன்றை இணைத்து, சுற்றறிக்கை வந்தது. ரஞ்சிதா அதை மாடசாமியின் மேஜைக்கே எடுத்துப்போய்ச் சத்தமாக வாசித்தார்.

“அலுவலக உள் கொள்முதல் நடைமுறைகள் இனி விதிகளாக இரா. வழிகாட்டிக் குறிப்புகளாக மட்டுமே இருக்கும். அலுவலகத் தலைவர் தேவைக்கேற்ப முடிவெடுக்கலாம்.”

வாசித்துவிட்டு, “எப்படி? பல்லைப் பிடுங்கிட்டாங்க பாத்தீங்களா” என்றார்.

“வேரோட பிடுங்கிட்டாங்க மேடம்.” மாடசாமியின் முகம் வெளுத்திருந்தது.

அவர் எதிரிலேயே ரஞ்சிதா திம்மராயனுக்குப் போன் செய்தார். “அரை மணி நேரத்துல வண்டியோட வர்றேன் மேடம். நீங்க நல்லா இருக்கணும்!” என்றார் திம்மராயன்.

கொள்முதல் ஆணையைத் தன் அறையில் ரஞ்சிதாவே எழுத உட்கார்ந்தார். முப்பத்தொன்பது ஈ இனிப் பொருந்தாது என்று அந்த விதியை வரிக்கு வரி மேற்கோள் காட்டி எழுத வேண்டும் என்று ஆசை. பழைய விதிப் புத்தகத்தைத் தூசு தட்டித் திறந்தார். முன்னும் பின்னும் புரட்டினார். மூடி, அட்டையைப் பார்த்துவிட்டு மறுபடி திறந்தார்.

“மாடசாமி சார், உள்ள வாங்க. கதவைச் சாத்துங்க.”

அவர் சாத்தினார்.

“இதுல மொத்தமே முப்பத்திரண்டு விதிதான் இருக்கு.”

“ஆமா மேடம்.”

“அப்ப முப்பத்தொன்பது ஈ?”

“அது நான் போட்டது.”

ரஞ்சிதா பேனாவை மூடி வைத்தார்.

“திம்மராயன் என்கிட்ட முதல்ல சாம்பிள் கொண்டுவந்தப்ப, அதை நானே மாட்டிக்கிட்டு அரை மணி நேரம் வெல்டிங் வச்சுப் பாத்தேன் மேடம். அது வெல்டிங் கண்ணாடியே இல்ல. வெறும் கலர் கண்ணாடி. ரெண்டு நாள் கண்ணுல மண்ணள்ளிப் போட்ட மாதிரி இருந்துச்சு.”

சொல்லாமல் எடுத்த அந்த இரண்டு நாள் விடுப்புக்குத்தான் ரஞ்சிதா அவருக்கு மெமோ கொடுத்திருந்தார்.

“தரம் இல்லைன்னு எழுதித் திருப்பியிருக்கலாமே சார்?”

“எனக்கு முன்னால இருந்தவர் அப்படித்தான் எழுதினார். திம்மராயனோட மச்சான் இந்தப் பக்கம் பெரிய கை. ஒரே ஒரு போன்தான். எழுதினவர் இப்ப ராமநாதபுரத்துல இருக்கார்.”

“அதுக்காக?”

“மனுஷன் முடியாதுன்னா கோவம் வரும் மேடம். விதி முடியாதுன்னா கவர்ன்மெண்டைத் திட்டிட்டுப் போயிருவாங்க. பசங்க கண்ணும் தப்பிச்சுது, என் வேலையும் தப்பிச்சுது. இனிமே பின்னால ஒளிஞ்சுக்க ஒண்ணும் இல்ல. கையெழுத்து உங்களோடது.”

ரஞ்சிதா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நோக்கம் நல்லதா இருக்கலாம். ஆனா இல்லாத விதியை இருக்குன்னு சொல்றது பொய். அதை நான் ஒத்துக்கவே மாட்டேன். நேருக்கு நேரா சொல்லணும் சார். சரக்கு சரியில்ல, வாங்க மாட்டேன். இதைச் சொல்ல என்ன பயம்? இப்ப நான் சொல்றேன், பாருங்க.”

“சரி மேடம்.”

வெளியே மினி லாரி வந்து நின்றது. திம்மராயன் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். காதில் வைத்திருந்த போனை எடுத்து நீட்டினார்.

“மச்சான் லைன்ல இருக்காரு மேடம். உங்களுக்கு நன்றி சொல்லணுமாம்.”

ரஞ்சிதா போனை வாங்கினார். வாங்கும்போதே எழுந்து நின்றுவிட்டார்.

“வணக்கம் சார்… ஆமாங்க சார், எல்லா விதியையும் எடுத்துட்டாங்க… நானே முடிவெடுக்கலாம், உண்மைதான் சார்… எனக்குச் சொந்த ஊரா? திண்டுக்கல் பக்கம் சார்… ஆமாங்க, பொண்ணு இங்க ஓசூர்லதான் படிக்குது. பத்தாவது… இல்ல சார், நடுவுல மாத்தினா கஷ்டம்தான்…”

மாடசாமி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரஞ்சிதா போனை மறு காதுக்கு மாற்றினார்.

“எனக்கும் வாங்கணும்னு ஆசைதான் சார். ஆனா, இந்தப் புது வழிகாட்டியில பதினேழாவது பத்தி இடிக்குதுங்களே…”

ஒன்பதே பத்திகள் கொண்ட அந்த வழிகாட்டியை மாடசாமி மெல்லத் தன் பக்கம் இழுத்து, நாளைக்கு மறந்துவிடக் கூடாதே என்று, ஓரத்தில் ‘17’ எனக் குறித்துக்கொண்டார்.