முதல் பிரதிவாதி

குரங்கணி ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் ரெபேக்காள், முகமெல்லாம் வீங்கிப் போய், போடி வக்கீல் ஹபீபுல்லாவின் முன் உட்கார்ந்திருந்தாள்.

“தப்பான மாத்திரை சார். யார் யார் மேல கேசு போடலாம்?”

“டாக்டரு, ஆஸ்பத்திரி, மருந்துக் கடை, ஒருத்தரையும் விடக் கூடாது” என்று எழுதிக்கொண்டே போனார் வக்கீல்.

“டாக்டருக்குப் படிக்காத ஆளு குடுத்திருந்தா?”

“அவன்தாம்மா முதல் பிரதிவாதி. யாரு அவன்?”

“போன வாரம் ஜீப்புல உங்க பக்கத்துல உக்காந்து வந்தப்ப முழங்கால் வலின்னு சொன்னேன். ‘எனக்கு இந்த மாத்திரை நல்லாக் கேக்குது’ன்னு உங்க பையில இருந்து எடுத்துக் குடுத்தீகளே சார். வீக்கத்துல என்னைய அடையாளம் தெரியலையா?”

வக்கீல் எழுதிய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

“சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டியாம்மா, பின்னாடியா?”

“முன்னாடி சார்.”

ஹபீபுல்லாவின் முகம் மலர்ந்தது.

“அப்ப முதல் பிரதிவாதி நீதாம்மா.”