அறுபதாவது நாள்

பரணுக்குப் பக்கத்தில் பல்பு போயிருந்தது. கணவர் ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தார்.

சமையலறையிலிருந்து ஓடிவந்தவள் வலது கையால் ஸ்டூலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்குங்க. ஒரு நாள் இருட்டுல இருந்தா ஒண்ணும் குடி முழுகிடாது."

"நீதான் கையத் தூக்க மாட்டேங்கறியே. நெஞ்சுலதான கோளாறு, கால் நல்லாத்தான் இருக்கு."

அவருடைய மாரடைப்பிலேயே அரசுக் காப்பீடு முழுவதும் தீர்ந்துபோயிருந்தது. குடும்பத்துக்கே சேர்த்து ஒன்றுதான். வீடு திரும்பியபின் தொடர்ந்து அறுபது நாள் குடும்பத்தில் யாரும் ஆஸ்பத்திரியில் படுக்காமல் இருந்தால் அது புதிதாகத் தொடங்கும் என்று கவுன்டர் பெண் சொல்லியிருந்தாள். நடுவில் ஒரே ஒரு ராத்திரி படுத்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டுமாம்.

இன்றோடு அறுபது முடிகிறது.

அன்றிலிருந்து அவரைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள். குளியலறைக் கதவைத் தாழிட விடவில்லை. அவர் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். இப்படிப் பெண்டாட்டி அமைய என் தம்பி கொடுத்து வைத்தவன் என்று நாத்தனார் போகிற இடமெல்லாம் சொன்னாள். கேட்கும்போதெல்லாம் இவளுக்கு உடம்பு கூசியது.

மேலே அவர் கை சட்டென்று நெஞ்சுக்குப் போனது.

இன்றைக்கு வேண்டாம்.

அதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. ஐயோ என்றுகூட இல்லை.

சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவர் பரணுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு பை இருந்தது.

"அடிப்பாவி, இப்பவே எனக்கு மூட்டை கட்டி வச்சுட்டியா?"

"அத விடுங்க. இறங்குங்க முதல்ல."

ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

முன்பக்கம் பொத்தான் வைத்த புது நைட்டி ஒன்று அவர் கையில் வந்தது. பிறகு இன்னொன்று. அவளுடைய துண்டு, அவளுடைய சீப்பு. பையின் அடிவரை துழாவினார். அவருடைய சட்டை ஒன்றுகூட இல்லை.

அவர் குனிந்து பார்த்தார். ஸ்டூலைப் பிடித்திருந்த கையை அல்ல. சில வாரங்களாக அவள் மார்போடு ஒட்டியே வைத்திருக்கும் இடது கையை.

"நாளைக்கு ஆஸ்பத்திரி உனக்கா?"

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

நைட்டிகளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார். பல்பை மாட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக, மூச்சை எண்ணுகிறவர்போல ஒவ்வொரு காலாக மெதுவாக இறங்கினார்.