பதினோராவது வயலின்

"இன்னா டீச்சர் இது?" என்றபடி மேடைக்குப் பின்னால் நுழைந்தார் கஜபதி. ஒரு கையில் வயலின் வில். மறு கையில், அந்த வில்லுக்குச் சொந்தக்காரியான ஒன்பது வயது மகள் வித்யா.

பட்டாபிராம் கல்யாண மண்டபத்தில் மைதிலி டீச்சரின் வயலின் வகுப்பு ஆண்டு விழா. பதினொரு பிள்ளைகள் சேர்ந்து வாசித்து முடித்திருந்தார்கள்; கைதட்டல்கூட இன்னும் ஓயவில்லை.

கஜபதியின் காதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆவடியில் எஞ்சின் சோதிக்கிற வேலை அவருக்கு. ரோட்டில் லாரி போனால் எந்த நட்டு லூசு என்று டீயை உறிஞ்சிக்கொண்டே சொல்லிவிடுவார். நெமிலிச்சேரியில் ரயில் ஊதினால், இன்றைக்கு டிரைவருக்குச் சளி என்பார். அப்படிப்பட்ட காதுக்கு முதல் வரிசையில் உட்கார்ந்தபோதே தெரிந்துவிட்டது: ஆடுவது பதினொரு வில், பேசுவது பத்து வயலின்தான்.

பேசாதது வித்யாவுடையது.

அவள் இறங்கியதும் வில்லை வாங்கி முகர்ந்தார். குளிக்கிற சோப்பு வாசனை.

வில்லில் கட்டியிருக்கும் குதிரை முடியில் பிசின் தேய்த்தால்தான் அது கம்பியைப் பிடித்துச் சத்தம் எழுப்பும். சோப்பைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். கை ஆடும், சத்தம் வராது. தேறாத பிள்ளைகளை மேடையில் ஒப்புக்கு உட்காரவைக்க இப்படி ஒரு வழி உண்டென்று அவரும் கேள்விப்பட்டிருக்கிறார்.

டீச்சர் வில்லை வாங்கி விரலால் தடவினார். வித்யாவைப் பார்த்தார். வித்யா தரையைப் பார்த்தாள்.

"நான்தான் சார் தேய்ச்சேன். மன்னிச்சிடுங்க."

கஜபதி விடவில்லை. வாத்தியம் கற்றால் புத்தி கூர்மையாகும், ஞாபகம் வளரும், சபைக் கூச்சம் போகும் என்று சற்றுமுன்தானே மைக்கில் சொன்னீர்கள், ஊமையாக உட்காரவைத்தால் எந்தக் கூச்சம் போகும் என்று கேட்டார். மூன்று வருஷமாக ஒரு வகுப்புகூடத் தவறாமல் கூட்டிவந்ததைச் சொன்னார். மற்ற பெற்றோர்களும் கூடிவிட்டார்கள். ஓர் அம்மா சத்தமில்லாமல் தன் பையனின் வில்லை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

டீச்சர் முந்தானையால் வில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பசங்கள ஏமாத்தற எடத்துல என் பொண்ணு இனிமே கால் வெக்காது. இன்னியோட சரி. வயலின எடுத்துக்கினு வா வித்யா."

வித்யா நகரவில்லை. வயலினை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"டீச்சர் பண்ணல நைனா."

"பின்ன யாரு?"

"நான்தான். ஊட்லயே தேச்சிட்டு வந்தேன். டீச்சருக்குத் தெரியாது."

கஜபதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நன்றாகத்தானே வாசிக்கிறாய், எதற்காக இப்படிச் செய்தாய் என்று கேட்டார். குரல் தானாகவே இறங்கியிருந்தது.

அவள் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"போன வருஷம் ஒரே ஒரு எடத்துல தப்பா வாசிச்சேன்னு நாலு நாளு நீ என்னாண்ட பேசவே இல்ல. சத்தமே வரலன்னா தப்பும் வராதுல்ல நைனா?"