இரண்டாவது ஆள்

"கையை விரியுங்கோ பாப்பம். புண் இருந்தாக் கயிறு தரமாட்டன்," என்றாள் தாரிகா. வல்வெட்டித்துறைக் கடற்கரையில், பொங்கல் பட்டப் போட்டிக்குக் கயிறு பிடிக்க வந்த நால்வரையும் வரிசையாக நிறுத்தி உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சுபாங்கனின் இரண்டு கைகளிலும் குறுக்கே தடித்த தழும்பு. "போன பொங்கலுக்குக் கயிறு உருவினது. ரேகையெல்லாம் அழிஞ்சு போட்டுது. இனி ஒரு சாத்திரியும் என்னை ஏமாத்தேலாது," என்றான். அடுத்த இருவரின் கைகளும் அப்படித்தான் வெந்து ஆறியிருந்தன.

பிரவீணனின் கையை அவள் கூடுதல் நேரம் பிடித்திருந்தாள்.

"ரேகையெல்லாம் அப்பிடியே இருக்கு அண்ணை. ஆயுள் நல்ல நீளம்."

அவன் சிரித்தான்.

அவளுடைய அண்ணன் லக்சன் பட்டம் கட்டுகிறவன். அவன் கையில் மூங்கிலும் தாளும் கிடைத்தால் கொடுக்கு விரிக்கும் நண்டு பறக்கும், துடுப்புப் போடும் கப்பல் பறக்கும். போன பொங்கலன்று கயிற்றின் முன்னால் நின்றவன் அவன்தான். திடீரென்று காற்று இழுத்தது. கயிறு பின்னால் நின்ற இதே நால்வரின் கையையும் விட்டுப் போனது. அதை மணிக்கட்டில் சுற்றியிருந்த லக்சன் பனை உயரம் போய் விழுந்தான்.

அவனுக்கு அடுத்ததாக நின்றவன் பிரவீணன். "பின்னுக்கு நிண்ட மூண்டு பேரும் விட்டிட்டாங்கள். நான்தான் கடைசிவரைக்கும் பிடிச்சனான்," என்று மரண விசாரணையில் சொன்னான். ஊர் நம்பியது. நடந்த வேகத்தில் யார் முதலில் விட்டதென்று அந்த மூவருக்கே தெரியாது. ஒரு வருடமாக அவர்கள் லக்சனின் தாயின் முகத்தில் விழிக்கவில்லை.

இன்று ஏற்றப்போவது லக்சன் வரைந்து வைத்துவிட்டுப் போன கடைசிப் பட்டம். இருபதடி ஆந்தை. தாரிகா தனியாக இருந்து கட்டி முடித்திருந்தாள். அதன் தலையில் பூட்டிய விண் என்ற ஒலி நார், தரையில் கிடக்கும்போதே காற்றுக்கு உறுமியது.

"அண்ணான்ரை இடத்திலை நீங்கள்தான் நிக்கோணும்," என்றாள் பிரவீணனிடம்.

அவன் ஓரடி பின்னுக்கு நகர்ந்தான். "நானோ? சுபாங்கன் நிக்கட்டுமே..."

அதற்குள் ஒலிபெருக்கி கத்தியது. "நண்பனுக்காகக் கடைசிவரை கயிற்றை விடாத பிரவீணன், இதோ முன்னுக்கு வருகிறார்!"

சனம் கைதட்டியது. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். போய் நின்றான்.

முன்னால் நிற்பவனுக்கு வழக்கம் அது என்பதால், தாரிகாவே கயிற்றை அவன் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

ஆந்தை எழும்பியது. கயிறு விறைத்து, சுற்று மணிக்கட்டில் இறுகியது. குதிக்கால்கள் மணலை விட்டுக் கிளம்பின. அவனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"டேய் சுபாங்கன், இறுக்கிப் பிடிச்சிருக்கிறியோ?"

காதுக்குப் பக்கத்தில் தாரிகாவின் குரல் கேட்டது.

"ரெண்டாவதா நான் நிக்கிறன் அண்ணை. போன வருசம் நீங்கள் பிடிச்ச மாதிரியே பிடிக்கிறன்."